அறிவியல் பகுதி: கண்ணுக்குத் தெரியாததை எடை போடுவது எப்படி?



சென்ற மாதம் நம் கோயிலின் கீழ்த்தளத்தில் நடக்கும் ஞாயிறு வகுப்பில் பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நட்சத்திரங்கள், பால்வெளி மண்டலம் என்று பேச்சு வளர்ந்து, கடைசியில் ‘கரும்பொருள்’ என்பதில் வந்து நின்றது. ஒளி தராத, ஒளியை மறைக்காத, ஆனால் ஈர்ப்பு விசை மட்டும் உள்ள பொருள் என்று விளக்கினோம். உடனே ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி கேட்டாள்: “அங்கிள், இந்த ரூமுக்குள்ளேயும் அது இருக்கா? எவ்வளவு இருக்கு?”

“இருக்கிறது” என்று சொல்லிவிட்டோம். “எவ்வளவு” என்பதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. “அடுத்த வாரம் சொல்கிறோம்” என்று தப்பித்து வந்தோம். வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான், அவள் கேட்டது விஞ்ஞானிகள் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்வி என்பது விளங்கியது. அந்தக் கேள்விக்கான பதிலை இந்த இதழில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் வகையில் தருகிறோம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

பெட்டியை எடை போட்ட கதை

ஊருக்குப் புறப்படும்போது நாம் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். பெட்டியைத் தனியாக எடைக் கருவியின் மேல் வைத்தால் எண்ணை மறைத்துக்கொள்ளும். ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாமே கருவியின் மேல் ஏறி நிற்போம். மொத்தம் 70 கிலோ காட்டுகிறது. பெட்டி இல்லாமல் நின்றால் 48 கிலோ. அப்படியானால் பெட்டி 22 கிலோ. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அதன் எடை தெரிந்துவிட்டது.

கரும்பொருளை எடை போடுவதும் இதே கணக்குத்தான். முதலில், ஓர் இடத்தில் உள்ள எல்லாப் பொருளின் மொத்த எடையை ஈர்ப்பு விசையைக் கொண்டு காண வேண்டும். பிறகு, கண்ணுக்கும் கருவிகளுக்கும் தெரிகிற நட்சத்திரங்களையும் வாயுவையும் எண்ணிக் கூட்ட வேண்டும். முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது கரும்பொருள்.

கேட்பதற்கு எளிது. ஆனால் நட்சத்திரங்களை எந்த எடைக் கருவியின் மேல் நிறுத்துவது?

கோள்களைக் கொண்டு ஏன் முடியாது?

பிள்ளைகள் முதலில் சொல்வது இதுதான்: “சூரியனைச் சுற்றிக் கோள்கள் ஓடுகின்றன. அவற்றின் வேகத்தைப் பார்த்தால் போதாதா?” நல்ல யோசனை. சூரியனின் எடையை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் கரும்பொருளுக்கு இந்த வழி உதவாது.

காரணம், அது மிக மிக மெல்லியதாகப் பரவியிருக்கிறது. இன்றைய கணக்குப்படி, நெப்டியூன் கோளின் சுற்றுப்பாதை வரை ஒரு பெரிய உருண்டை வரைந்தால், அதற்குள் இருக்கும் கரும்பொருள் முழுவதும் சேர்ந்து பூமியின் எடையில் 2 கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. சூரியனின் எடையோடு ஒப்பிட்டால் 7 லட்சம் கோடியில் ஒரு பங்கு. யானையின் முதுகில் உட்கார்ந்த கொசுவை, யானையை எடை போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா? கோள்களின் ஓட்டத்தில் இதன் பாதிப்பு தெரியாது.

அப்படியானால் அது முக்கியமில்லையா என்றால், இல்லை. வாளியில் நிறைந்திருக்கும் தண்ணீரையும் வயல் முழுவதும் பெய்த தூறலையும் எண்ணிப் பாருங்கள். ஒரு சாண் இடத்தில் பார்த்தால் தூறல் ஒன்றுமேயில்லை. ஊர் முழுவதற்கும் கூட்டினால் வாளித் தண்ணீர் எம்மாத்திரம்? சூரியனுக்கும் அடுத்த நட்சத்திரத்துக்கும் இடையே நாலேகால் ஒளியாண்டு வெற்றிடம். அந்த வெற்றிடமெல்லாம் தூறல் பெய்திருக்கிறது. ஆதலால் அளக்க வேண்டுமென்றால் பல நூறு ஒளியாண்டு பரப்பை எடுத்துக்கொண்டுதான் அளக்க வேண்டும்.

மேலும் கீழும் ஆடும் நட்சத்திரங்கள்

நம் பால்வெளி மண்டலம் தோசைக் கல் போலத் தட்டையானது. நம் சூரியன் அதன் நடுவிலிருந்து சுமார் 26,700 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. நொடிக்குச் சுமார் 230 கி.மீ. வேகத்தில் நடுவைச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 22 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

சுற்றி வரும்போதே சூரியன் இன்னொன்றும் செய்கிறது. தட்டின் மட்டத்துக்கு மேலே எழும்பி, பிறகு கீழே இறங்கி, மறுபடியும் எழும்பி, ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே போகிறது. இப்போது மட்டத்துக்குச் சற்று மேலே இருந்துகொண்டு, நொடிக்கு ஏறத்தாழ 7 கி.மீ. வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. சுமார் 300 ஒளியாண்டு உயரம் வரை போய்த் திரும்பும். ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 8 கோடி ஆண்டு. சூரியன் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து நட்சத்திரங்கள் எல்லாம் இப்படியே ஆடுகின்றன.

மேலே போன நட்சத்திரத்தைக் கீழே இழுப்பது எது? தட்டில் உள்ள எல்லாப் பொருளின் ஈர்ப்பும்தான். நட்சத்திரம், வாயு, தூசு, கரும்பொருள் எதுவானாலும் ஈர்ப்பில் பேதமில்லை. இழுவை அதிகமானால் நட்சத்திரம் சீக்கிரம் திரும்பிவிடும். இழுவை குறைவானால் உயரப் போகும். இதுதான் நாம் தேடிய எடைக் கருவி.

ஆனால் ஒரு நட்சத்திரம் ஏறி இறங்குவதைப் பார்க்க 8 கோடி ஆண்டு யாரால் காத்திருக்க முடியும்? இங்கேதான் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் பத்துப் பிள்ளைகள் டிராம்போலினில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு புகைப்படம் எடுக்கிறோம். சிலர் கீழே, சிலர் நடுவில், சிலர் உச்சியில் இருப்பார்கள். அவர்கள் எவ்வளவு வேகத்தில் எழும்புகிறார்கள் என்பதும், எந்த உயரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தால், பூமியின் இழுவையைக் கணக்கிட்டுவிடலாம். இதே பிள்ளைகள் இதே வேகத்தில் சந்திரனில் குதித்தால், புகைப்படத்தில் இன்னும் உயரத்தில் சிதறித் தெரிவார்கள் அல்லவா?

நட்சத்திரங்களுக்கும் அப்படியே. ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் உயரத்தையும் மேல்கீழ் வேகத்தையும் ஒரே சமயத்தில் அளந்தால், காத்திருக்கத் தேவையில்லை.

ஹாலந்து நாட்டின் யாக்கோபஸ் காப்டைன் 1922-ல் இந்த யோசனையைக் கையாண்டார். நட்சத்திரங்களின் ஓட்டத்திலிருந்து ‘கரும்பொருள்’ எவ்வளவு என்று மதிப்பிடலாம் என்று எழுதினார். அவரிடம் படித்த யான் ஓர்ட் 1932-ல் அதை முறையாகச் செய்து காட்டினார். ஒவ்வொரு பக்கமும் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு, நீளமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொண்டால், நம் பகுதியில் அதற்குள் சராசரியாக 0.09 சூரிய எடை அளவு பொருள் இருக்கிறது என்பது அவர் கண்ட விடை. கையால் கணக்குப் போட்ட காலத்தில் கிடைத்த இந்த எண், இன்றைய எண்ணான சுமார் 0.10-க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள்!

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். காப்டைனும் ஓர்ட்டும் கரும்பொருள் என்று சொன்னது, மங்கிய நட்சத்திரம், குளிர்ந்த வாயு போன்ற வழக்கமான பொருளைத்தான். 1933-ல் ஃபிரிட்ஸ் சுவிக்கி தொலைதூர மண்டலக் கூட்டமொன்றை ஆராய்ந்தார். 1970 முதல் வீரா ரூபின் ஆண்ட்ரோமிடா முதலிய மண்டலங்களின் சுழற்சியை அளந்தார். அதன் பிறகுதான், வழக்கமான அணுக்களால் ஆகாத ஏதோ ஒன்று மண்டலங்களைச் சூழ்ந்திருக்கிறது என்ற எண்ணம் வேரூன்றியது.

இப்போது கணக்கைப் போடுவோம்

நம் சூரியன் இருக்கும் இடத்தில் ஒரு உயரமான தூணைக் கற்பனை செய்யுங்கள். அதன் அடிப்பரப்பு ஒரு பார்செக்குக்கு ஒரு பார்செக். தட்டின் மட்டத்திலிருந்து மேலே 1,100 பார்செக், கீழே 1,100 பார்செக். மொத்த நீளம் 2,200 பார்செக். ஆகவே தூணின் கன அளவு 2,200 கன பார்செக்.

கோன்ராட் கைக்கன், ஜெரார்ட் கில்மோர் என்ற இருவர் 1989 முதல் 1991 வரை வெளியிட்ட ஆய்வுகளில், இந்தத் தூணுக்குள் உள்ள மொத்தப் பொருளை ஈர்ப்பைக் கொண்டு எடை போட்டார்கள். விடை சுமார் 70 சூரிய எடை. அதே தூணுக்குள் தெரிகிற நட்சத்திரங்களையும் வாயுவையும் கூட்டினால் சுமார் 48 சூரிய எடை. நம் பெட்டிக் கணக்கில் வந்த அதே எண்கள்!

மொத்தம் 70. தெரிவது 48. மிச்சம் 22.

22-ஐ 2,200-ஆல் வகுத்தால் 0.01. அதாவது ஒரு கன பார்செக்கில் சூரிய எடையில் நூறில் ஒரு பங்கு. வியாழன் கோளின் எடை சூரிய எடையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே 3.26 ஒளியாண்டு நீள, அகல, உயரமுள்ள ஒரு பிரம்மாண்டமான பெட்டிக்குள் பத்து வியாழன்களின் எடை அளவுக்குக் கரும்பொருள் தூவியிருக்கிறது.

“எதற்காக 1,100 பார்செக் உயரம் வரை போக வேண்டும்? இங்கேயே எடை போட்டால் என்ன?” என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. தட்டின் மட்டத்தில், ஒரு கன பார்செக்கில் மொத்தம் சுமார் 0.10 சூரிய எடை என்றால், அதில் 0.085 அளவு நட்சத்திரமும் வாயுவும்தான். கரும்பொருள் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல். பெரிய ஆள் ஒருவர் சின்னக் கைப்பையோடு எடைக் கருவியில் ஏறுவது போல. ஆளின் எடையில் சிறு பிசகு இருந்தாலும் கைப்பையின் எடை இரட்டிப்பாகிவிடும், அல்லது காணாமல் போய்விடும். ஆனால் உயரப் போகப் போக நட்சத்திரமும் வாயுவும் குறைந்துகொண்டே வருகின்றன. கரும்பொருளோ அப்படிச் சட்டென்று குறைவதில்லை. ஆதலால் உயரமான தூணில் அதன் பங்கு மூன்றில் ஒன்றாகிறது. கைப்பை பெட்டியாகிவிட்டது. எடை போடுவது எளிதாகிறது.

கழித்தலில் உள்ள ஆபத்து

இந்தக் கட்டுரையில் பிள்ளைகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைக் காணும்போது, பெரிய எண்களில் உள்ள பிழை முழுவதும் அந்தச் சிறிய எண்ணின் தலையில் வந்து விழும். இந்தத் துறையின் வரலாறே அதற்குச் சாட்சி.

1984-ல் ஜான் பாக்கால் என்ற புகழ்பெற்ற வானியலாளர், அன்று கிடைத்த நட்சத்திரக் கணக்குகளைக் கொண்டு, தட்டில் உள்ள பொருளில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாதது என்று முடிவு செய்தார். அது உண்மையானால் தட்டுக்குள்ளேயே கரும்பொருள் அடர்ந்து கிடக்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுகளில் கைக்கனும் கில்மோரும் புதிதாக நட்சத்திரங்களை அளந்து, தட்டோடு ஒட்டிய கரும்பொருளுக்குச் சான்று இல்லை, சுற்றிலும் பரவலாக உள்ளது மட்டுமே என்றார்கள். ஐரோப்பியர்களின் ஹிப்பார்க்கஸ் விண்கலம் 1989-ல் ஏவப்பட்டு, 1997-ல் வெளியிட்ட நட்சத்திரப் பட்டியலும் இவர்கள் பக்கமே சாய்ந்தது.

2012-ல் இதற்கு எதிர்ப்பக்கம் ஓர் அதிர்ச்சி வந்தது. சிலி நாட்டில் பணிபுரிந்த ஒரு குழுவினர், நானூறுக்கும் மேற்பட்ட செந்நட்சத்திரங்களை அளந்து, சூரியனின் அக்கம்பக்கத்தில் கரும்பொருளே இல்லை என்ற முடிவை வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் பெரிய செய்தியாயிற்று. சில மாதங்களில் ஜோ போவி, ஸ்காட் டிரமெய்ன் இருவரும் அதே அளவுகளை எடுத்துக்கொண்டு கணக்கைத் திரும்பப் போட்டார்கள். அளவுகள் சரி. நட்சத்திரங்கள் நடுவைச் சுற்றும் வேகம் தூரத்துக்குத் தூரம் எப்படி மாறும் என்பதைப் பற்றிய ஓர் ஊகம்தான் தவறு. அதைத் திருத்தியதும் 0.008 என்ற விடை வந்தது. பிழை மேலே 0.003, கீழே 0.003. பழைய 0.01-க்குப் பக்கத்திலேயே.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தங்கள் அளவுகளையும் ஊகங்களையும் மறைக்காமல் எழுதி வைத்ததால்தான் மற்றவர்களால் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்தது. பரீட்சையில் ‘வழிமுறையைக் காட்டு’ என்று ஆசிரியர் கேட்பது எதற்காக என்று இனிப் பிள்ளைகளுக்குப் புரியும்.

கையா விண்கலமும் ஒரு சுருளும்

2013 டிசம்பரில் ஐரோப்பியர்கள் ‘கையா’ என்ற விண்கலத்தை ஏவினார்கள். 2025 ஜனவரி வரை அது வானத்தை அளந்தது. ஏறத்தாழ 180 கோடி நட்சத்திரங்களும் பிற ஒளிப்புள்ளிகளும் அதன் பட்டியலில் உள்ளன. ஆயிரங்களைக் கொண்டு நடந்த எடை போடுதல் இனி லட்சங்களைக் கொண்டு நடக்கும், கணக்கு துல்லியமாகிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

2018-ல் கையாவின் அளவுகளை வரைபடமாக்கியபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. நட்சத்திரங்களின் உயரத்தையும் மேல்கீழ் வேகத்தையும் சேர்த்து வரைந்தால், நத்தை ஓடு போல ஒரு சுருள்! குளத்தில் கல் விழுந்தபின் அலை அடங்காதது போல, நம் மண்டலத்தின் தட்டு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. ‘தனுசு’ என்ற சிறிய மண்டலம் அருகே வந்து போனது காரணமாக இருக்கலாம் என்பது பலரது கருத்து. அந்தச் சிறிய மண்டலம் 1994-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்களில் மேலே சொன்ன கில்மோரும் ஒருவர்.

இதனால் என்ன சிக்கல்? டிராம்போலின் புகைப்படத்தை மறுபடி நினையுங்கள். பிள்ளைகள் அவரவர் பாட்டுக்குக் குதித்தால்தான் அந்தக் கணக்குச் சரி. யாரோ பக்கத்தில் வந்து டிராம்போலினையே உலுக்கிவிட்டால் கணக்குப் பிசகும். ஆகவே இப்போது சிலர், அந்தச் சுருளின் வடிவத்தைக் கொண்டே ஈர்ப்பைக் கணக்கிடும் புது முறையைக் கையாளுகிறார்கள். இடைஞ்சலாக வந்ததையே எடைக் கருவியாக்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரை நினைவுகூர வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கத்தைப் பற்றி 1942-ல் ஒரு நூல் எழுதினார். கனமான ஒரு பொருள் நட்சத்திரக் கூட்டத்தின் ஊடே செல்லும்போது, அதன் ஈர்ப்பால் பின்னால் திரளும் கூட்டமே அதை இழுத்துத் தாமதப்படுத்தும் என்று 1943-ல் கணக்கிட்டுக் காட்டினார். தனுசு போன்ற சிறு மண்டலங்கள் கரும்பொருளின் ஊடே வேகம் குறைந்து நம் மண்டலத்துக்குள் அமிழ்வதை இன்றும் அவருடைய சூத்திரத்தைக் கொண்டே விளக்குகிறார்கள்.

இரண்டாவது சாட்சி

ஒரே ஒரு கருவியை நம்பலாமா? வேறு வழியில் சரிபார்க்க வேண்டாமா? வழி இருக்கிறது. சூரியன் நடுவைச் சுற்றும் வேகம் 230 கி.மீ., தூரம் 26,700 ஒளியாண்டு என்றோம். இந்த இரண்டையும் கொண்டு நியூட்டன் விதிப்படி கணக்கிட்டால், சூரியனின் பாதைக்கு உட்பட்ட பொருளின் எடை ஏறத்தாழ 10,000 கோடி சூரியன்கள். ஆனால் மண்டலம் முழுவதிலும் உள்ள நட்சத்திரத்தையும் வாயுவையும் கூட்டினாலும் சுமார் 6,000 கோடிதான் தேறுகிறது. மிச்சத்தைக் கரும்பொருள் நிரப்ப வேண்டும்.

மேலும், நடுவிலிருந்து தள்ளிப் போகப் போகச் சுழலும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. இதிலிருந்து கரும்பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்று ஊகித்து, நம் இடத்தில் எவ்வளவு என்று கணக்கிடலாம். அதுவும் 0.01-ஐ ஒட்டியே வருகிறது. மேல்கீழ் ஆட்டமும் சுழற்சியும் இரண்டு தனித்தனிச் சாட்சிகள். இருவரும் ஏறத்தாழ ஒரே விஷயத்தைச் சொல்வதால்தான் நம்பிக்கை பிறக்கிறது.

சிறுமியின் கேள்விக்குப் பதில்

இப்போது நம் கீழ்த்தள வகுப்பறைக்குத் திரும்புவோம். ஒரு கன பார்செக்கில் 0.01 சூரிய எடை என்பதைச் சிறிய அளவுக்கு மாற்றினால், ஒரு தேக்கரண்டி இடத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களின் எடை. அதே தேக்கரண்டியில் உள்ள காற்றிலோ ஒன்றுக்குப் பின் இருபது சைபர் போட்ட எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கின்றன!

நம் வகுப்பறை 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அதற்குள் உள்ள கரும்பொருளின் எடை சுமார் 10 கோடி ஹைட்ரஜன் அணுக்களின் எடைக்குச் சமம். பெரிய எண்ணாகத் தோன்றினாலும், ஒரே ஒரு நோய்க்கிருமியின் எடையில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். பூமி முழுவதும் அடங்கும் இடத்தில், எந்த நொடியிலும் இருக்கும் கரும்பொருள் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சின்னப் பை துவரம்பருப்பு!

ஆனால் எண்ணைச் சொல்லும்போது அதன் பிழையையும் சேர்த்துச் சொல்வதுதான் நாணயம். இன்று வெவ்வேறு குழுவினர் தரும் விடைகள் பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டு என்ற வித்தியாசத்துக்குள் அடங்குகின்றன. ஆகவே வகுப்பறைக்கான பதில்: ஏழரைக் கோடியிலிருந்து பதினைந்து கோடி ஹைட்ரஜன் அணுக்களின் எடைக்குள்.

இந்த எண் எதற்கு?

“இவ்வளவு கொஞ்சத்துக்கு இத்தனை பாடா?” என்று ஒரு தாயார் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி.

இந்நாட்டின் தெற்கு டக்கோட்டா மாநிலத்தில், பழைய தங்கச் சுரங்கம் ஒன்றில், பூமிக்குக் கீழே சுமார் ஒன்றரை கி.மீ. ஆழத்தில் 7 டன் திரவ செனான் நிரப்பிய தொட்டியை வைத்துக் கரும்பொருள் துகளுக்காகக் காத்திருக்கிறார்கள். இத்தாலியிலும் சீனாவிலும் இதே போன்ற தொட்டிகள் உள்ளன. கரும்பொருள் கனமான துகள்களால் ஆனது, ஒவ்வொன்றும் ஹைட்ரஜன் அணுவைப் போல நூறு மடங்கு எடை என்று வைத்துக்கொண்டால், ஒரு காப்பி டம்ளர் அளவு இடத்துக்கு ஒரு துகள் இருக்கும். அவை நொடிக்கு நூற்றுக்கணக்கான கி.மீ. வேகத்தில் நம் உடலையும் சுவரையும் ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கும். அவற்றில் எப்போதோ ஒன்று ஒரு செனான் அணுவில் மோதினால் சிறு ஒளிப்பொறி தெறிக்கும். அதற்காகத்தான் காத்திருப்பு. 2024-ல் தெற்கு டக்கோட்டாக் குழுவினர் வெளியிட்ட முடிவிலும் அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

அகப்படவில்லை என்றால் என்ன பொருள்? துகள் மோதுவதே அபூர்வம் என்று பொருளா, அல்லது நம் பகுதியில் கரும்பொருளே குறைவு என்று பொருளா? மீன் சிக்காத வலைக்காரர், வலை சரியில்லையா, குளத்தில் மீனே இல்லையா என்று திகைப்பது போல. குளத்தில் எவ்வளவு மீன் என்று தெரிந்தால்தான் வெறும் வலைக்கும் ஓர் அர்த்தம் உண்டு. நட்சத்திரங்களை எடை போட்டுக் கிடைத்த இந்தச் சின்ன எண்தான் அந்த அர்த்தத்தைத் தருகிறது. 2012-ல் ‘இங்கே கரும்பொருள் இல்லை’ என்ற செய்தி வந்தபோது சுரங்கத்தில் காத்திருந்தவர்கள் ஏன் பதறினார்கள் என்று இப்போது விளங்கும்.

கரும்பொருள் எதனால் ஆனது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பெட்டியின் எடை தெரிந்துவிட்டது, பூட்டு இன்னும் திறக்கவில்லை. அந்தச் சாவியைக் கண்டுபிடிப்பவர் நம் கீழ்த்தள வகுப்பில் உட்கார்ந்து, “எவ்வளவு இருக்கு?” என்று கேட்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு உடனே பதில் தெரியாவிட்டால் வாயை அடைக்காதீர்கள். எங்களைப் போல ஒரு வாரம் தவணை கேளுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க

1. நம் கோயில் மண்டபம் 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் உள்ள கரும்பொருள் எத்தனை ஹைட்ரஜன் அணுக்களின் எடை? (ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.4 அணு என்று கொள்க.)

2. தூணுக்குள் தெரிகிற பொருள் 48 அல்ல, 52 சூரிய எடை என்று தெரியவந்தால், ஒரு கன பார்செக்கில் கரும்பொருள் எவ்வளவு? தெரிந்த பொருளில் 4 கூடியதால் விடை எத்தனை சதவீதம் குறைந்தது?

3. குளியலறை எடைக் கருவியில் நீங்கள் தனியாக ஐந்து முறையும், ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறையும் நின்று பாருங்கள். கழித்தால் ஒவ்வொரு முறையும் புத்தகத்தின் எடை ஒன்றாகவே வருகிறதா? பிறகு புத்தகத்தைச் சமையலறைத் தராசில் வைத்து ஒப்பிடுங்கள்.

விடைகள்: (1) 60 கோடி. (2) 18-ஐ 2,200-ஆல் வகுத்தால் சுமார் 0.008, ஏறத்தாழ 18 சதவீதம் குறைவு. (3) உங்கள் விடைகளை எழுதி ஞாயிறு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எல்லோருடைய விடைகளையும் பலகையில் எழுதி, பிழை எங்கிருந்து வருகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம். வணக்கம்.